பின்னால் உட்காருகிறவளுக்குக் கால் வைக்க இடம்

தம்பி,

நீயும் கவிதாவும் போன ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் புது வண்டியில் மதுரையிலிருந்து திருச்சுழி வரை வந்தீர்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் வாசலில் நின்று பார்த்தது வண்டியை அல்ல, கவிதாவை. இறங்கினவள் உடனே நடக்கவில்லை. உன் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தரையில் இரண்டு தடவை தட்டினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கால் மரத்துப் போச்சா கண்ணு?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் நீ சொன்னாய்: "சும்மா நடிக்கிறாம்மா. கார் கேக்குறதுக்கு இப்பவே அஸ்திவாரம் போடுறா." எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உங்கப்பா மட்டும் சிரிக்காமல் கடைப்பக்கம் போய்விட்டார். அதை நீ கவனித்திருக்க மாட்டாய்.

நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே வந்து வண்டியைப் பார்த்தேன். பின்சீட்டு முன்சீட்டை விட ஒரு சாண் உயரம், அகலம் ஒரு கை அகலம்தான். மேலே வழவழவென்று ரெக்சின். சக்கரத்தில் சேலை மாட்டாமல் இருக்க வைக்கிற கம்பியைக் கழற்றியிருந்தாய், அதன் போல்ட் ஓட்டை மட்டும் இருந்தது. உன்னிடம் கேட்டதற்கு, "அசிங்கமா இருக்கும்மா, வண்டிக்கே லுக்கு போயிருது" என்றாய். அப்போதே உன்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். கவிதா பக்கத்தில் இருந்தாள், உங்கப்பாவும் அதற்குள் கடையிலிருந்து வந்துவிட்டார். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். பதினெட்டு வருஷமாக விழுங்கிப் பழகிய வாய் இது. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள் எழுதுகிற கடிதம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை வாசி.

உனக்கு உன் தங்கச்சி மீனாவை ஞாபகம் இருக்கிறதா என்று நான் உன்னிடம் கேட்டதே இல்லை. நீ அப்போது ஒண்ணாம் வகுப்பு. அவளுக்கு ஒன்பது மாதம். உன் பள்ளிக்கூடப் பையின் வாரைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்வாள், அதற்காக நீ அவளிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறாய். அவள் எப்படிப் போனாள் என்று உனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் சொன்னதுதான்: அம்மா வண்டியில் பின்னால் உட்கார்ந்து கண்ணசந்துவிட்டாள், கையில் இருந்த பிள்ளையோடு விழுந்துவிட்டாள். ஊருக்கு அதைச் சொன்னது நான்தான். அது பொய், தம்பி. நான் அன்றைக்குத் தூங்கவில்லை.

நம் கடை அப்போது புதிது. திருச்சுழி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவு மளிகைக் கடை. உங்கப்பா அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சரக்கு எடுத்துவர, யாரோ ஓட்டி விற்ற ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கின புதிதில் பின்னால் உட்காருகிறவருக்குக் கால் வைக்கிற கம்பி இரண்டு பக்கமும் இருந்தது. அதற்கு மேலே, மூட்டை தொங்கவிட இரும்புச் சட்டம் ஒன்றை இரண்டு பக்கமும் அடித்து வைத்தார். ஒரு நாள் சீனி மூட்டை அந்தக் கால் வைக்கிற கம்பியில் உரசிக் கிழிந்து, வழி நெடுக ரோட்டில் சீனி கொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. கடை வாசலில் வந்து இறங்கிப் பார்த்தால் மூட்டை பாதி. மறுநாளே கம்பிகளைக் கழற்றிக் கடை மேசை டிராயரில் போட்டுவிட்டார். எனக்குக் கால் வைக்க இடமில்லாமல் போனது அப்படித்தான். பக்கவாட்டில் உட்கார்ந்து, சரக்குச் சட்டத்தில் குதிகாலை மாட்டிக்கொள்வேன். அந்தச் சட்டம் ஆடுசதையில் அழுத்தும். கொஞ்ச தூரம் போனதும் முழங்காலுக்குக் கீழே எனக்கு ஒரு கால் இருப்பதே தெரியாது. இறங்கின பிறகு, எறும்பு கூட்டமாக ஏறுகிற மாதிரி உணர்ச்சி திரும்பும். கவிதா காலைத் தட்டினாளே, அதே மாதிரி நானும் தட்டுவேன்.

எண்பத்தொண்ணாம் வருஷம், பந்தல்குடியில் உன் பெரிய மாமா வீட்டில் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். முதல் நாளே நான் சொன்னேன், "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அதுல ஏற முடியாதுங்க. அந்தக் கம்பியையாவது மாட்டுங்க, இல்லாட்டி பஸ்ஸுல போயிரலாம்." உங்கப்பா, "வண்டி இருக்கும்போது பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கணும்? ஒரு மணி நேரம் தொங்கப்போட்டா காலு கழண்டா விழுந்துரும்?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பின்னால் உட்காருகிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. அவருக்குக் கைப்பிடி இருக்கிறது, கால் ஊன்ற இடம் இருக்கிறது, பள்ளம் வருவது முன்னாலேயே கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் இருக்கிறவளுக்குத் தெரிவது ஓட்டுகிறவரின் முதுகுதான். எல்லாம் அவளுக்குத் திடீரென்றுதான் வரும்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. நீ பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாய். விருந்து முடிந்து கிளம்பும்போது, மாமா பிள்ளைகளோடு இருக்கிறேன் என்று நீ அழுது அடம்பிடித்து அங்கேயே நின்றுவிட்டாய். அந்த அடத்துக்காக இன்றைக்கும் சாமியைக் கும்பிடுகிறேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அருப்புக்கோட்டை தாண்டித் திருச்சுழி ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் வெடித்துக் கிடக்கிற கரிசல், ஒதுங்க நிழல் கிடையாது. மீனா என் மடியில் தூங்கிவிட்டாள். ஒரு கையால் அவளை அணைத்திருந்தேன், இன்னொரு கையால் சீட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தேன். வேர்வையில் ரெக்சின் வழுக்கிக்கொண்டே இருந்தது. கால் இரண்டும் செத்துப் போய்விட்டன. "கொஞ்சம் நிறுத்துங்க, இறங்கி நின்னுக்கிறேன்" என்றேன். அனல்காற்று அப்படி அடித்தது, அவர் காதில் விழுந்திருக்காது.

ஓடையின் குறுக்கே ஒரு தரைப்பாலம் உண்டு. ரோடு சட்டென்று கீழே இறங்கி மறுபடி ஏறும். இறக்கத்தில் அவர் பிரேக்கை அழுத்தினார். நான் முன்னால் சரிந்தேன். காலை ஊன்றி நிமிரப் பார்த்தேன். கால் எனக்குக் கட்டுப்படவில்லை, எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. விழப்போகிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளை நெஞ்சோடு சேர்த்து முறுக்கிக்கொண்டு நான் அடியில் விழவேண்டும் என்று திரும்பினேன். முக்கால்வாசிதான் திரும்ப முடிந்தது. பாலத்து ஓரத்தில் சுண்ணாம்பு அடித்து நட்டிருந்த கல்லில் அவள் தலை பட்டது. அவள் அழவில்லை. அழுகிற சத்தம் வராதா என்றுதான் நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

அந்த வழியாக வந்த லோடு லாரிக்காரர் ஒருவர் எங்களை ஏற்றி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகும் வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்ததைக் கூட நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மணி நேரத்தில் பந்தல்குடியிலிருந்து மாமாக்கள் மூன்று பேரும் வந்தார்கள். பெரிய மாமாவின் கோபம் உனக்குத் தெரியும். வரப்புத் தகராறில் சொந்தப் பங்காளியையே வெட்டப் போனவர். அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை, சுவரோரம் சட்டையெல்லாம் ரத்தமாக நின்ற உங்கப்பாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எப்படித்தா விழுந்த? மறைக்காமச் சொல்லு. இவுக எப்படி ஓட்டுனாக?"

எனக்கு யோசிக்க நேரமில்லை. ஒரு பிள்ளை போய்விட்டது. இன்னொரு உயிரும் போனால் நீ தகப்பனில்லாமல் நிற்பாய் என்று மட்டும் தோன்றியது. "அவுக மேல ஒண்ணும் இல்லண்ணே. நான்தான் கண்ணசந்துட்டேன்" என்றேன். உங்கப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்வார் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். அவர் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. மாமா தலையில் அடித்துக்கொண்டு, "பிள்ளையை வச்சுக்கிட்டுத் தூங்குவியாடி பாவி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எழுதிக்கொண்டு போக வந்த போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லும்போது எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது.

அந்தச் சொல் என்னோடு எத்தனை வருஷம் குடியிருந்தது என்று உனக்குத் தெரியாது. பெயர் வைக்கிற வீடுகளுக்குப் போனால் பிள்ளையைக் கைமாற்றி கைமாற்றிக் கொஞ்சுவார்கள் அல்லவா, என்னிடம் வரும்போது பிள்ளை என்னைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போய்விடும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை மல்லாங்கிணறில் ஒருத்தி மெதுவாகப் பக்கத்தில் இருந்தவளிடம், "அவுகளுக்குத் தூக்கம் வந்துரும்" என்றாள். நான் எழுந்து போய்ச் சமையல் நடந்த இடத்தில் வெங்காயம் உரித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

மீனா போய்ப் பதினாறு நாள் கழிந்த மறுவாரம் அவர் கையில் ஒரு சணல் கயிற்றோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "பாதத்துலருந்து முழங்கால் வரைக்கும் அளவு வேணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. காலை நீட்டினேன். கயிற்றை வைத்து அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். தலை நிமிரவே இல்லை. வண்டியை அருப்புக்கோட்டைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். சரக்குச் சட்டத்தை அறுத்து எறிந்தார், அதன் பிறகு நம் கடைச் சரக்கெல்லாம் பஸ் மேலேதான் வந்தது. இரண்டு பாதமும் முழுசாக ஊன்றுகிற மாதிரி ஒரு பலகையை என் கால் அளவுக்குச் சரியான உயரத்தில் வெல்டிங் வைத்து, மேலே டயர் ரப்பர் ஒட்டினார். சீட்டை இரண்டு விரல்கடை அகலமாக்கி, ஓரத்தைச் சற்றுத் தூக்கி, உள்ளே தேங்காய் நார் வைத்து, மேலே வழுக்காத கெட்டித் துணி போட்டுத் தைக்க வைத்தார். பிடித்துக்கொள்ளக் கம்பி, சக்கரத்துக்கு வலை, பின்னால் இளகின ஸ்பிரிங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் போனார், ஒவ்வொன்றையும் தானே பின்னால் உட்கார்ந்து யாரையாவது ஓட்டச் சொல்லிப் பார்த்தார். அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு சொகுசான பின்சீட்டு வேறு வண்டிக்கு இருந்திருக்காது. ஒன்றரை வருஷம் அதில் யாரும் உட்காரவில்லை.

அப்புறம் உன் தாத்தா, என் அய்யா, இறந்த செய்தி வந்த அன்று பஸ் ஓடவில்லை. வேறு வழியில்லாமல் ஏறினேன். "கால் வச்சிட்டியா?" என்று கேட்டார். நான் பேசவில்லை. அவர் வண்டியைக் கிளப்பவும் இல்லை. கடைசியில் "ம்" என்றேன். வழியெல்லாம் "பள்ளம் வருது", "மேடு", "பிரேக் போடப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். அதன் பிறகு எப்போதும் அப்படித்தான். நீயும் உன் கூட்டாளிகளும் அவருக்குப் 'பள்ளம் மேடு' என்று பெயர் வைத்துச் சிரித்தீர்கள். அவர் காதில் அது விழுந்தது. அவர் சொல்வதை நிறுத்தவில்லை.

என் தப்பையும் எழுத வேண்டும். அந்தப் பொய்யை அவரைக் காப்பாற்றச் சொன்னேன் என்பது உண்மை. ஆனால் பிறகு அதையே அவர் கழுத்தில் கயிறாகப் போட்டேன். வீட்டில் ஏதாவது பேச்சு வந்தால், வாசலில் நிற்கிற வண்டியை ஒரு பார்வை பார்ப்பேன். அவர் அடங்கிவிடுவார். கடையை விருதுநகருக்கு மாற்றலாம் என்று ஆசைப்பட்டார், பார்த்தேன், விட்டுவிட்டார். உனக்குப் பிறகு இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அன்றைக்கும் பார்த்தேன். நீ ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்ததற்கு அந்தப் பார்வைதான் காரணம். இப்படி இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஊமையாகக் காலம் தள்ளினோம்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது வண்டிச் சாவியைக் கேட்டாய், நான் தரமாட்டேன் என்றேன். அப்போது நீ சொன்னாய்: "நீ தூங்கி விழுந்து பாப்பாவைக் கொன்னதுக்கு, நான் வண்டி ஓட்டக்கூடாதா?" உங்கப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை இலையிலேயே நின்றது. இப்போதாவது சொல்வார் என்று நான் அவரையே பார்த்தேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, எழுந்து, பின்பக்கம் போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். நீ அன்று சாயங்காலமே என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டாய், நான் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். நீ சொன்னதை அன்றே மன்னித்துவிட்டேன். அவர் சொல்லாமல் போனதை மன்னிக்க என்னால் இன்று வரை முடியவில்லை.

இதையெல்லாம் சொல்வது உங்கப்பாவை நீ வெறுக்க வேண்டும் என்பதற்காக இல்லை. கவிதா நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்கிற பிள்ளை. அந்தச் சிரிப்பை நம்பாதே. நானும் அப்படித்தான் சிரித்தேன். நாளைக்கே அந்தச் சேலைக் கம்பியைத் திரும்ப மாட்டு. அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும். கால் வைக்கிற இடம் அவள் கால் நீளத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று அவளை உட்கார வைத்துப் பார். சீட்டை மாற்றித் தை. தூரப் பயணம் என்றால் அவள் கேட்பதற்கு முன்னால் நிறுத்து. ஒரு நாள் உன் கூட்டாளி யாரையாவது ஓட்டச் சொல்லி, நீ பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வரை வந்து பார். நான் எழுதியதில் பாதி அப்போது புரியும். பிள்ளை உண்டானால் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வா. அவள் 'நிறுத்துங்க' என்றால், காரணம் கேட்காமல் நிறுத்து.

இது வரை நேற்று எழுதி முடித்தேன். உங்கப்பாவுக்குத் தெரியாமல் அனுப்ப மனசு வரவில்லை. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வாசித்தார். வந்த ஆட்களை, "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதுல ஒண்ணு தப்பா எழுதியிருக்க" என்றார்.

"எது?"

"தரைப்பாலத்துக்கு முன்னால நீ நிறுத்தச் சொன்னது என் காதுல விழலைன்னு எழுதியிருக்க. விழுந்துச்சு."

கடை வாசலில் வந்து நின்ற பையனை நான் கைகாட்டிப் போகச் சொன்னேன்.

"ரெண்டு தடவை சொன்ன. கேட்டுச்சு. நாலு மணிக்குக் கடையைத் திறக்கணும், இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு நெனச்சேன். கேக்காத மாதிரி ஓட்டுனேன்."

பதினெட்டு வருஷம் நான் அந்தக் காற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், தம்பி. எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அவர் வந்ததும் சோறு போட்டேன். வாசலில் நிற்கிற வண்டிப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே எழுதியதை நான் அடிக்கப் போவதில்லை. அது நான் நம்பியது. இது நடந்தது. இரண்டும் இருக்கட்டும்.

காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "தபால்ல போட வேண்டாம். நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்" என்றார். "என்ன சொல்லுவீக?" என்று கேட்டேன். "அவன் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன். அப்புறம் அவன் கேக்குறதுக்குப் பதில் சொல்லுவேன்" என்றார். அதனால் இதை நீ வாசிக்கும் இந்நேரம் அவர் உன் எதிரில்தான் இருப்பார். கவிதா காப்பி கொடுத்திருந்தால் ஆறிப்போயிருக்கும், குடித்திருக்க மாட்டார்.

என்ன கேட்பாயோ, கேள். கோபப்பட்டாலும் கேட்டுக்கொள்வார். நான் தடுக்கப் போவதில்லை, அங்கே நான் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு சாப்பிட வைத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன் வண்டியிலேயே கொண்டுபோய் விடு. இப்போது அவருக்கு வலது முழங்கால் சரியாக மடங்குவதில்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதற்கு நேரமாகும். வலித்தாலும் சொல்ல மாட்டார். வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொள், அவசரப்படுத்தாதே.

உன் அம்மா